சீதள இலாகாவும் ஒரு டப்பா விரால் குழம்பும்

ஹைதராபாத் சமஸ்தானத்தில் மழைக்கு இலாகா கிடையாது, வெயிலுக்கும் கிடையாது. குளிருக்கு மட்டும் ஒன்று இருந்தது. ஹுசேன் சாகர் ஏரிக்குப் பக்கத்தில், ஒரு பெரிய தோட்டத்தின் நடுவே, வெள்ளையடித்த பங்களா. வாசலில் உருதுவிலும் இங்கிலீஷிலும் பலகை: 'சீதள ஏற்றுமதி இலாகா'. சமஸ்தானத்து மீனையும் மாமிசத்தையும் பழத்தையும் உறைய வைத்து, பம்பாயில் கப்பலேற்றி, லண்டன்காரர்களின் சாப்பாட்டு மேஜைக்கு அனுப்புவது அதன் வேலை. ஆரம்பித்துப் பல வருஷமாகியும் ஒரு நெத்திலியைக்கூட அது கடல் தாண்ட விட்டதில்லை. அதனால் இலாகா சும்மா இருந்தது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அவ்வளவு பாடுபட்ட இலாகாவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதலில் மாம்பழம் அனுப்பிப் பார்த்தார்கள். வழியில் குளிர் குறைகிறதா என்று சோதிக்க, ரயில் நிற்கும் ஸ்டேஷனிலெல்லாம் ஓர் அதிகாரியை நிறுத்தினார்கள். அவர் குளிர்வண்டியின் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, 'குளிர் உத்தமம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். மே மாதம். உள்ளே விட்ட கையை யாரும் லேசில் வெளியே எடுக்கவில்லை. சிலர் குடும்பத்தையும் கூட்டி வந்து, கதவோரம் நாற்காலி போட்டுக் காற்று வாங்கினார்கள். பம்பாயில் வண்டியைத் திறந்தபோது வாசனை தாங்காமல் துறைமுகக் கூலிகள் ஓடிவிட்டார்கள். 'குளிர் உத்தமம்' என்ற கையெழுத்துகள் மட்டும் கெடாமல் இருந்தன.

அடுத்ததாகப் பங்களாவில் ஒரு குளிர் அறை கட்டினார்கள். சீமையிலிருந்து யந்திரம் வந்தது, கூடவே ஸ்காட்லாந்திலிருந்து ஒரு நிபுணரும் வந்தார். கோடை பிறந்ததும் நாஜிம் சாகிப், அதாவது இலாகாவின் டைரக்டர், சரக்கை நேரடியாக மேற்பார்வை செய்வதற்காகத் தம் மேஜையைக் குளிர் அறைக்குள் போட்டுக்கொண்டார். நாஜிம் உள்ளே இருக்கும்போது உதவி நாஜிம்கள் வெளியே இருப்பது மரியாதையா? அவர்களும் போனார்கள். மேஜைகள் போனதும் மீனுக்கு இடமில்லாமல் போயிற்று. மீன் கூடைகளை வராந்தாவில் வைத்து ஈரச்சாக்கு போட்டு மூடினார்கள். ஊரெல்லாம் வெயிலில் சுருண்டு கிடக்க, சீதள இலாகா கம்பளி மப்ளர் கட்டிக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தது. ஜலதோஷத்துக்கென்று தனி லீவு கொடுத்த ஒரே இலாகா அதுதான்.

இந்த இடத்துக்குத்தான் ஏனோக் போய்ச் சேர்ந்தார்.

ஏனோக் லாலாகுடா ரயில்வே பட்டறையில் பெயிண்டர். பெட்டிகளுக்கு வர்ணம் அடிப்பதும், 'முதல் வகுப்பு', 'பெண்கள் மட்டும்' என்று எழுதுவதும் அவர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்டார்கள். மனைவி ஜெயசுந்தரி. ஒரே மகள் மெட்டில்டா. திருமலகிரி கண்டோன்மெண்டில் ஒரு கேப்டன் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆயாவாக இருந்தாள். கேப்டன் சீமைக்குத் திரும்பியபோது, கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவளையும் கூட்டிப்போனார்கள். போய் இறங்கியதும் துரைசானி நன்றி சொல்லிக் கைகுலுக்கினாள். திரும்பி வருவதற்கு யார் டிக்கெட் எடுப்பது என்ற பேச்சே எழவில்லை. அப்படி விடப்பட்ட ஆயாக்கள் தங்குவதற்கென்றே லண்டனில் ஒரு விடுதி இருக்கிறதாம். அந்தப் பனியில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது, பிறகு ரத்தமாக வந்தது. ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள்.

கூட இருந்த ஆயா நாகம்மா, இவளும் செகந்திராபாத்துத் தமிழ்ப் பெண்தான், எழுதியிருந்தாள். மெட்டில்டா எதையும் தின்ன மாட்டேனென்கிறாள். அவித்த உருளைக்கிழங்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். 'எங்கம்மா வைக்கிற விரால் குழம்பு ஒரு வாய் கிடைச்சா சாப்பிடுவேன்' என்கிறாள். டாக்டரும் 'கேட்டதைக் கொடுங்கள்' என்று சொல்லிவிட்டார்.

கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் எப்போது சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜெயசுந்தரிக்கும் தெரிந்தது. ஆனால் அவள் அழவில்லை.

"ஏங்க, ஐஸ்ல வச்சு மீன கப்பல்ல அனுப்புதாகன்னு சொன்னீகளே, அந்த வெள்ள ரயில்பெட்டிக்கு நீங்கதான பெயிண்ட் அடிச்சீக? அவியள்ட்ட போயிக் கேளுங்க. ஒரு டப்பா குழம்பு. அவ்வளவுதான கேக்கா பிள்ள."

ஏனோக் பட்டறையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மத்தியான வெயிலில் சைக்கிள் மிதித்துப் போனார். வாசலிலேயே பியூன் மறித்தான். 'வெப்பமான எதுவும் குளிர் அறைக்குள் வரக்கூடாது' என்று சட்டம். மனுவோடு வந்தவரை பெஞ்சில் உட்கார வைத்து, தலையில் ஈரச்சாக்கைப் போட்டு, அக்குளில் வெப்பமானியைச் செருகினான்.

"நக்கோ மியான், வேண்டாம், நான் மனுஷன். சரக்கு இல்ல" என்றார் ஏனோக்.

"மனுஷனோ, சரக்கோ, சூடு சூடுதான் பாய். ஆறின பிறகு உள்ளே போ" என்றான் பியூன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நாள் முழுக்க வெயிலில் நின்று மற்றவர்களை ஆறவைப்பது அவன் வேலை.

ஆறிய ஏனோக்கை குமாஸ்தா பத்மநாபன் உள்ளே அழைத்துப் போனார். இலாகாவில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கும்பகோணத்துக்காரர். மீன் வாடையில் சம்பாதித்து மோர் சாதம் சாப்பிடுகிறவர்.

"பயப்படாதேங்கோ. பெரியவர் நல்ல மனுஷர். ஆனா எதைச் சொன்னாலும் ஒரு பிரசங்கம் பண்ணாம விடமாட்டார். குறுக்கே மட்டும் பேசிடாதேங்கோ" என்று காதோடு சொன்னார்.

நாஜிம் சாகிப் கேட்டார். அவருடைய கண்ணில் நிஜமாகவே நீர் தளும்பியது. ஜலதோஷமாகவும் இருக்கலாம்.

"மிஸ்டர் ஏனோக்! ஒரு மகளின் பசி! இதைவிட உன்னதமான சரக்கு எது? இத்தனை வருஷமாக நாங்கள் எதை அனுப்புவது என்று தெரியாமல் தவித்தோம். இன்று தெரிந்தது. பசி என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். இந்த அறையில் குளிரில் உட்கார்ந்தே எங்கள் எல்லோருக்கும் பசி அதிகமாகிவிட்டது."

பிறகு கேள்விகள் எழுந்தன. குழம்பு என்பது என்ன? விரால் இருப்பதால் அது மீன் பிரிவு என்றார் ஓர் உதவி நாஜிம். புளி ஒரு பழமாகையால் பழப் பிரிவு என்றார் இன்னொருவர். ஊற்றினால் ஓடுகிறதா, அப்படியானால் திரவப் பிரிவு என்றார் மூன்றாமவர். அதுவரை அந்தப் பிரிவுக்கு வேலையே வந்ததில்லை, அவர் விடுவாரா? ஸ்காட்லாந்து நிபுணர்தான் சமாதானம் செய்தார். மூன்று பிரிவுகளும் சேர்ந்து கவனிக்கட்டும். ஏற்றுமதியாவது பொருள் அல்ல, ருசி. ஆகவே ஒவ்வொரு பிரிவும் ருசி பார்த்துச் சான்று தரட்டும். கடைசியில் நாஜிம் ருசி பார்த்து முத்திரை வைக்கட்டும்.

ஏனோக் கைகூப்பிவிட்டு வெளியே வந்தார். அவருக்குப் புரிந்தது ஒன்றுதான்: அனுப்புவார்கள்.

மறுநாள் ஜெயசுந்தரி விடிவதற்கு முன்பே மோண்டா மார்க்கெட்டுக்குப் போய், உயிரோடு துள்ளுகிற விராலாகப் பார்த்து வாங்கி வந்தாள். சாம்பல் போட்டுக் கல்லில் உரசி வழுவழுப்புப் போகக் கழுவினாள். மல்லி, சீரகம், தேங்காய், சின்ன வெங்காயம் எல்லாம் அம்மியில். மண்சட்டியில் கொதித்தபோது பட்டறைக் குடியிருப்பு லைனில் இருந்த வீட்டுக்காரர்களெல்லாம் மூக்கை உறிஞ்சினார்கள். உப்பும் புளியும் அவள் கைக்கு அளவாக வரும், ருசி பார்க்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. ஆறவைத்து, ஈயம் பூசிய டப்பாவில் ஊற்றிக் கொடுத்தாள்.

மீன் பிரிவு ஒரு துண்டு எடுத்தது. ஒரு துண்டில் எதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாதென்று இன்னொன்று எடுத்தது. பழப் பிரிவு புளியைத் தேடிக் கரண்டி விட்டது. திரவப் பிரிவு டப்பாவைச் சாய்த்துப் பார்த்தது. நாஜிம் சாகிப் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். பத்மநாபனும் சான்றில் கையெழுத்துப் போடவேண்டும். அவர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தூரத்திலிருந்தே, 'வாசனை மட்டும் சரி' என்று எழுதினார். எல்லாம் முடிந்ததும் நாஜிம் உத்தரவு போட்டார்: 'மாதிரி மிகத் திருப்தி. ருசி முழுமை. இனி சரக்கைக் கொண்டு வரலாம்.'

"ஐயா, அதுதான் சரக்கு" என்றார் ஏனோக்.

எல்லோரும் டப்பாவைப் பார்த்தார்கள். அடியில் ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்கு ஜெயசுந்தரி பெரிய சட்டியில் வைத்தாள். புதுச் சரக்கென்றால் புதுச் சான்று வேண்டும் என்பது விதி. இந்த முறை திரவப் பிரிவுக்காரர் வீட்டிலிருந்து ரொட்டி கொண்டு வந்திருந்தார். சோறில்லாமல் குழம்பின் ருசியை எப்படித் தீர்மானிப்பது என்று பழப் பிரிவு ஆட்சேபித்ததால், அதற்கடுத்த முறை ஏனோக் ஒரு போகிணியில் சோறும் சுமந்துகொண்டு போனார். வேலை இல்லாத பக்கத்து இலாகாக்காரர்கள் சிலரும் அன்றைக்குக் குளிர் பார்க்க வந்திருந்தார்கள். நாஜிம் சாகிப் ஏப்பம் விட்டுவிட்டுச் சொன்னார்: "மிஸ்டர் ஏனோக், உம் மகள் அதிர்ஷ்டசாலி. அவளுக்காக நாங்கள் எவ்வளவு உழைக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது." எனக்கு இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. அந்தக் கப்பலும் போய்விட்டது.

ஏனோக் காலிச் சட்டியை அடுப்படியில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஜெயசுந்தரி சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கும் வழிச்சுட்டாகளா?"

"வழிச்சுட்டாக."

"அவியளுக்கெல்லாம் பிள்ள குட்டி இல்லியோ?"

"இருக்கு. மேசையில போட்டோ வச்சிருக்காக."

அடுத்த கப்பலுக்கு அவள் மறுபடியும் விரால் வாங்கினாள். மறுபடியும் அரைத்தாள். ஏனோக் பட்டறைக்குக் கிளம்பும்முன் பழக்கத்தில் விரலால் ஒரு சொட்டு தொட்டு நாக்கில் வைத்தார்.

"சுந்தரி, உப்பு போட மறந்துட்டியே?"

"மறக்கல."

அவர் புரியாமல் பார்த்தார்.

"ருசியா வச்சாத்தான தின்னு தீக்காக? உப்பில்லன்னா ஒரு வாய் வைப்பாக, மூஞ்சியச் சுழிச்சுட்டு மூடிருவாக. மிச்சம் எம் பிள்ளைக்குப் போவும்."

"அவ எப்படித் தின்பா?"

"லண்டன்ல உப்புக்கா பஞ்சம்? டப்பா மேல எழுதிருங்க. உப்புப் போட்டுக் கொதிக்க வைங்கன்னு. ஊர்ல உள்ள ரயிலுக்கெல்லாம் எழுதுதீக, நம்ம பிள்ளைக்கு எழுத மாட்டீகளா?"

ஏனோக்குக்கு அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்ட்டி" என்றார். முதல் வகுப்புப் பெட்டிக்கு எழுதுகிற மஞ்சள் வர்ணத்தை எடுத்து, டப்பாவின் வயிற்றில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதினார்: 'உப்புப் போட்டுக் கொதிக்க வைக்கவும்.' இத்தனை அழகாக அவர் எந்த ரயிலுக்கும் எழுதியதில்லை.

குளிர் அறையில் கரண்டிகள் ஆயத்தமாக இருந்தன. மீன் பிரிவு ஒரு வாய் வைத்தது. மென்றது. பழப் பிரிவைப் பார்த்தது. பழப் பிரிவு ஒரு வாய் வைத்து, திரவப் பிரிவைப் பார்த்தது. உப்பில்லை என்று எல்லோருக்கும் நாக்கில் தெரிந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? இதே குழம்புக்கு மூன்று தடவை 'ருசி முழுமை' என்று எழுதியாயிற்று. இப்போது குறை சொன்னால் பழைய சான்றுகளுக்கு என்ன மதிப்பு? எல்லோரும் நாஜிம் சாகிப்பின் முகத்தைப் பார்த்தார்கள்.

அவர் வெகுநேரம் யோசித்தார். "இது உயர்ந்த ருசி. ஆரவாரமில்லாத ருசி. சாதாரண நாக்குக்கு எட்டாது" என்று சொல்லிக் கரண்டியை வைத்துவிட்டார். உடனே எல்லோரும் கரண்டியை வைத்தார்கள். சீதள இலாகாவின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒரு சரக்கு முழுசாகத் தப்பியது. ஏனோக் வாசலுக்கு வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று விம்மினார்.

அவர் போன பிறகுதான் நாஜிம் சாகிப் டப்பாவின் மேலிருந்த எழுத்தைக் கவனித்தார்.

"உப்புப் போடவா? நாம் அனுப்புகிற பண்டத்தில் குறை இருக்கிறது என்று நாமே லண்டனுக்கு எழுதிக் கொடுப்பதா?"

"ஸார்," என்று பத்மநாபன் மெதுவாக இழுத்தார், "நிஜமாவே உப்பு இல்லை போலிருக்கு. அதனாலதான் பாவம் எழுதியிருக்கார்."

"நான் ருசி பார்த்து முத்திரை வைத்திருக்கிறேன், மிஸ்டர் பத்மநாபன். என் முத்திரை பெரிதா, ஒரு பெயிண்டரின் எழுத்து பெரிதா?"

மஞ்சள் எழுத்தைக் கத்தியால் சுரண்டினார்கள். நல்ல வர்ணம், லேசில் போகவில்லை. சுரண்டிய இடத்தில் இலாகாவின் முத்திரைச் சீட்டை ஒட்டினார்கள்: 'பரிசோதிக்கப்பட்டது. ருசி முழுமை. எதையும் சேர்க்கக் கூடாது.' ஏனோக்கிடம் இதை ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று பத்மநாபனுக்குத் தோன்றியது. அவருக்கும் பெண்கள் இருந்தார்கள். ஆனால் சொன்னால் வேலை போகும். சொல்லவில்லை.

ரயிலேற்றுகிற அன்றைக்கு ஸ்டேஷனில் பாண்டு வாசித்தார்கள். ஏனோக் வர்ணமடித்த அதே வெள்ளைப் பெட்டி, இரண்டு பக்கமும் மாலை. குளிர் போகாமல் இருக்கப் பனிக்கட்டியோடு உப்பைக் கலந்து கொட்டுவது தொழிலில் வழக்கம். ஆகவே டப்பாவைச் சுற்றி மூட்டை மூட்டையாக உப்பு கொட்டினார்கள். உள்ளே ஒரு சிட்டிகை இல்லை. வண்டி நகர்ந்தபோது ஏனோக் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். பியூன் ஓடிவந்து கையை எடுத்துவிட்டான்.

"நக்கோ பாய். கை சூடா இருக்கு."

இனிமேல் சொல்லவேண்டியதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிறுத்தி நிறுத்திச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மழைக்காலம் பிறந்தது. ஒரு நாள் வேதக்கோவில் ஐயர் குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். பாதிரிமார் வேலைநாளில் பட்டறை லைனுக்கு வருவதற்குக் காரணம் ஒன்றுதான் உண்டு. மெட்டில்டா போய்விட்டாள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

ஜெயசுந்தரி தலையில் அடித்துக்கொண்டு விழவில்லை. ஐயரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "குழம்பு போய்ச் சேந்துச்சா ஐயா? ஒரு வாயாவது தின்னாளா?" என்று கேட்டாள். ஐயருக்குத் தெரியவில்லை. அவர் ஜெபம் செய்தார். ஜெபம் முடிந்ததும் அவள் மறுபடியும் அதையே கேட்டாள்.

ஏனோக் இலாகாவுக்குப் போனார். அங்கே மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லண்டனிலிருந்து தந்தி வந்திருந்தது: டப்பா உறைந்தபடியே, துளியும் கெடாமல், ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கப்பட்டது.

"சாப்பிட்டாளா?" என்றார் ஏனோக்.

"அது நம் பொறுப்பில் வராது. ஒப்படைப்பதோடு இலாகாவின் வேலை முடிந்தது" என்றார் உதவி நாஜிம், ஒரு லட்டை நீட்டி. மகள் இறந்துபோன சேதியை ஏனோக் சொன்னார். உதவி நாஜிம் வருத்தப்பட்டார். நல்லவேளை, சரக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது என்றார்.

வெற்றி விழாவுக்குப் பங்களாத் தோட்டத்தில் பந்தல் போட்டார்கள். ஏனோக்குக்கும் மனைவிக்கும் முன்வரிசையில் நாற்காலி, மேடையில் பதக்கம்.

"நான் வரல" என்றார் ஏனோக். "அவிய மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"நீங்க வராண்டாம். நான் போறேன். தின்னாளா இல்லியான்னு அங்க ஒருத்தருக்காவது தெரியாமலா இருக்கும்?"

அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் ஏனோக்கும் போனார். பந்தலில் ஜெயசுந்தரியின் பக்கத்து நாற்காலியில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். சீமைக் கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தாள். வேறொரு குடும்பத்தோடு அப்போதுதான் திருமலகிரிக்குத் திரும்பியிருந்தவளை, கண்ணால் கண்ட சாட்சி என்று இலாகாவே தேடிப்பிடித்துக் காரில் அழைத்து வந்திருந்தது. அவள்தான் நாகம்மா.

ஒலிபெருக்கியில் நாஜிம் சாகிப்பின் பேச்சு தொடங்கியது. "கனவான்களே! ருசிக்குத் தூரம் கிடையாது என்று நிரூபித்துவிட்டோம்!"

"நீங்கதான் மெட்டில்டா அம்மாவா?" என்றாள் நாகம்மா. அவள் முகம் வெளுத்துவிட்டது. "நெசமாவே உசுரோடதான் இருக்கீங்களாக்கா?"

ஜெயசுந்தரிக்கு அது காதில் ஏறவில்லை. "குழம்பு வந்துச்சா? தின்னாளா?"

"வந்துச்சு. தின்னா."

"தின்னாளா! எவ்வளவு தின்னா? உப்புப் போட்டுத்தான குடுத்தீங்க?"

"ஒரு வாய்தாங்க்கா. உப்பே இல்ல. நான் போடலாம்னு போனேன். நர்சம்மா விடல. டப்பா மேல சர்க்கார் சீட்டு ஒட்டியிருக்கு, ஒண்ணும் சேக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு, சேத்தா நோயாளிக்கு ஆகாதுன்னுட்டாங்க."

"எழுதியிருந்தோமே? இவுக மஞ்சள்ல எழுதியிருந்தாகளே?"

"சீட்டு மட்டும்தாங்க்கா இருந்துச்சு."

மேடையருகே பதக்கத் தட்டோடு நின்ற பத்மநாபன் தலையைக் குனிந்துகொண்டார். நாஜிம் சாகிப் கையை உயர்த்தினார். "அந்தப் பெண் தன் கடைசி நாட்களில் எதை உணர்ந்திருப்பாள்? இந்த இலாகாவின் கருணையை!"

"ஒரு வாய் வச்சுட்டு என்ன சொன்னா? சொல்லுங்க. எதுன்னாலும் சொல்லுங்க."

நாகம்மா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயசுந்தரி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இது எங்கம்மா வச்சது இல்லன்னு சொன்னா. எங்கம்மா உசுரோட இருந்தா உப்பில்லாம அனுப்புவாளா அக்கா, இது அப்பா வச்சது, அம்மா செத்துப் போச்சு, எங்கிட்ட மறைக்காங்கன்னு சொல்லிட்டு அழுதா. நான் அடிச்சு சத்தியம் பண்ணினேன்க்கா. நம்பல."

ஏனோக் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஜெயசுந்தரி பிடித்த மணிக்கட்டை விடவில்லை.

"அப்புறம் அழுகைய நிறுத்திட்டா. அவளுக்குச் சாவுன்னா அவ்வளவு பயம்க்கா, கையை விடவே மாட்டா. அன்னைக்கப்புறம் பயமே போயிடுச்சு. அம்மாதான் அங்க முன்னாலயே போயிட்டாங்களே, போன உடனே வாசல்ல நிப்பாங்க, எனக்கென்ன பயம்னு சிரிச்சா. அப்படியேதான் போனா."

அந்த நேரத்தில் ஒலிபெருக்கி ஜெயசுந்தரியின் பெயரைக் கூப்பிட்டது. சமஸ்தானத்தின் ருசியைக் கடல் கடத்திய தாய் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று நாஜிம் சாகிப் கேட்டுக்கொண்டார். அவள் எழுந்தாள். ஏனோக் சேலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவள் நடந்து மேடையேறி, யாரோ கழுத்தில் பதக்கம் மாட்டுவதைக் கவனிக்காமல், மைக்கின் முன்னால் போய் நின்றாள். பந்தல் நிறைய ஷெர்வானிகளும் கோட்டுகளும். அத்தனை பேரில் அவள் பாஷை தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம்.

"எம் பிள்ள அங்க போயி என்னத் தேடுதா" என்றாள் ஜெயசுந்தரி. "வாசல்ல நிப்பேன்னு நெனச்சுப் போயிருக்கா. நான் இங்கல்லா நிக்கேன்."

அவ்வளவுதான் பேசினாள். குரல் நடுங்கியதால் எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். திரவப் பிரிவுக்காரர் கைக்குட்டையை எடுத்தார். நாஜிம் சாகிப் குனிந்து, அம்மாள் என்ன சொன்னார் என்று பத்மநாபனைக் கேட்டார்.

பத்மநாபன் பதக்கத் தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"சர்க்காருக்கு நன்றி சொல்றா, ஸார்."

கைதட்டல் எழுந்தது. ஜெயசுந்தரி இறங்கி வந்து, ஏனோக்கின் கையைப் பிடித்துத் தூக்கி, பந்தலை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் ஏரிக்கரை ரோட்டைத் தாண்டுகிற வரைக்கும் பந்தலில் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.